குறைகள்: வலப்பக்கத்துப் பெண் குரல்

ஆர்லீன் ஹுதாக்குக்குக் கழுத்து வலி வந்து நான்கு வருஷம் ஆகிறது. டாக்டர் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "எலும்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. என்ன வேலை பாக்கறீங்க?" என்று கேட்டார். தபால் ஆபீஸிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன் என்று சொன்னாள். கச்சேரிக்குப் போய் இரண்டரை மணி நேரம் தலையை அசைக்காமல் உட்கார்ந்திருப்பதுதான் இப்போது வேலை என்று எந்த டாக்டரிடம் சொல்ல முடியும்? அதுவும் பிடிபட்டால் வெளியே தள்ளிவிடுகிற வேலை.

வேலை அவளுடையதே இல்லை, கணவன் கிளெனுடையது. டயர் தொழிற்சாலையில் ஓவர்டைம் பார்த்து, 1976இல் ஒரு ஜோடி ஜெர்மன் மைக் வாங்கினான். ஒவ்வொன்றும் பட்டாணி அளவு. அவற்றைக் கண்ணாடிச் சட்டத்தின் இரண்டு காம்பிலும், காதுக்குச் சற்று முன்னால் ஒட்டவைத்து, ஒயரைச் சட்டைக் காலருக்குள் இறக்கி, அமெரிக்காவில் ஓஹியோ பக்கத்துக் கச்சேரி ஒன்றுவிடாமல் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தான். அந்த மைக்கை இப்போது யாரும் செய்வதில்லை. மனிதக் காது இருக்கிற இடத்திலேயே மைக்கும் இருப்பதால், வீட்டில் இயர்ஃபோன் மாட்டிக் கேட்கிறவனுக்கு அரங்கத்திலேயே உட்கார்ந்திருப்பதுபோல இருக்கும். ஒரே ஒரு தொல்லை: தலை திரும்பினால் மேடையும் திரும்பும். அதனால் தலை திரும்பக் கூடாது. இருமக் கூடாது. கை தட்டவே கூடாது, பக்கத்திலிருந்து வருகிற கைதட்டல் மைக்குக்குத் தகரக் கூரையில் கல் விழுவது மாதிரி. கூடப் பாடுவது பற்றிக் கிளென் பேச ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிவிடும்.

முப்பது வருஷம் அவன் கல்லுப்பிள்ளையாராக உட்கார்ந்திருந்தான். பிறகு தலை ஆட ஆரம்பித்தது. நரம்பு டாக்டர் ஏதோ பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், ஆட்டம் நிற்கவில்லை. கொலம்பஸில் அவன் கடைசியாகப் பதிவு செய்த கச்சேரியைக் கேட்டுவிட்டு, ஊர் பேர் தெரியாத ஒருவன், "பாட்டு பிரமாதம், ஆனா கப்பல்ல உக்காந்து கேட்ட மாதிரி இருக்கு, ரெண்டு தடவை வாந்தி வந்துச்சு" என்று எழுதியிருந்தான். கிளென் இரண்டு நாள் அதையே திரும்பத் திரும்பப் படித்தான். மூன்றாம் நாள் காலை, ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்த ஆர்லீனின் தலையையே வெகுநேரம் பார்த்தான்.

"உன் தலை ஆடவே மாட்டேங்குது, கவனிச்சிருக்கியா?" என்றான்.

அன்று மாட்டிய கண்ணாடிதான்.

அவர்கள் வீடு ஆக்ரனை ஒட்டிய பார்பர்ட்டனில் இருக்கிறது. வீட்டுக்கு அடியில் உள்ள நிலவறையில் தொள்ளாயிரத்துச் சொச்சம் பதிவுகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அட்டை: தேதி, அரங்கம், வரிசை, மைக், பதிவு செய்தவர், பாட்டுப் பட்டியல். கடைசியில் 'குறைகள்' என்று ஒரு வரி. அது இப்படிப் பதிவு செய்கிற ஆட்களின் மரியாதை. பதிவை விற்க மாட்டார்கள், கேட்டவனுக்குச் சும்மா அனுப்புவார்கள். விற்கிறவனை வாசலில் நிற்க விட மாட்டார்கள். அனுப்புகிற பதிவில் இருக்கிற ஓட்டை உடைசலை மறைக்கவும் மாட்டார்கள். கிளென் இதில் மகா கறார். 'நான்காம் பாட்டு, இரண்டாம் நிமிடம்: கதவுச் சத்தம்.' 'ஒன்பதாம் பாட்டு: பின்வரிசைக் குடிகாரன்.'

'ஏழாம் பாட்டு: இருமல், பக்கத்தில்.' அந்த இருமல் ஆர்லீனுடையது. நெஞ்சுச் சளியோடு டொலீடோவுக்குப் போயிருந்தாள், பக்கத்து இருக்கையில் பேசுகிற ஆள் யாரும் வந்துவிடக் கூடாது என்பதற்காக. இப்போது கிளெனின் விரலும் நடுங்குவதால் அட்டைக்குப் பதில் கணினி, தட்டச்சு செய்வதும் அவள்தான். அவள் தலையில் மாட்டி, அவள் மூச்சை அடக்கி எடுத்த பதிவுக்கு, 'பதிவு: ஜி. ஹுதாக்' என்று அவளே அடித்தாள். கோபம் வராமல் இல்லை. கோபத்தோடு அடித்தாள், அவ்வளவுதான்.

அவர்களுக்குள் அறிமுகம் ஆனதே ஒரு குறையில்தான். 1977இல் கிளீவ்லண்டில் பாடகி நடீன் ஆஷ்பியின் கச்சேரி. தபால் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்த புதிது. 'பாலத்துக்கு அந்தப்பக்கம்' என்ற பாட்டை நடீன் பாடப் பாட, ஆர்லீனும் வாய்விட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். இடது பக்கத்தில் இருந்த தடிக்கண்ணாடிக்காரன் உதடு அசையாமல், "கொஞ்சம் வாயை மூடறீங்களா, பதிவு பண்றேன்" என்றான். மூடிக்கொண்டாள். கச்சேரி முடிந்ததும் மன்னிப்புக் கேட்டு முகவரி வாங்கினான். ஒரு வாரத்தில் கேசட் வந்தது, அட்டையோடு. அட்டையில், 'குறைகள்: மூன்றாம் பாட்டு, வலப்பக்கத்துப் பெண் கூடவே பாடுகிறாள்.' தோழிகளிடம் காட்டிக் காட்டிச் சிரித்தாள். அடுத்த வருஷம் கல்யாணம். அதற்குப் பிறகு எந்தக் கச்சேரியிலும் ஆர்லீன் பாடவில்லை. தொள்ளாயிரம் அட்டையில் அவள் வந்தது இரண்டு இடத்தில், இரண்டும் கடைசி வரியில்.

இப்போது 2009. நடீன் ஆஷ்பி ஓய்வு பெறுகிறாள், ஓஹியோவில் கடைசிக் கச்சேரி ஆக்ரனில். ஞாயிற்றுக்கிழமை பகல் மூன்று மணிக்கு வைத்திருந்தார்கள். அவள் ரசிகர்களெல்லாம் ஒன்பது மணிக்குப் படுத்துவிடுகிற வயது.

"இந்த ஒண்ணுக்கு மட்டும் என்னை விட்டுடு," என்றாள் ஆர்லீன், அன்று காலையில். "நான் நடீனைப் பாக்கணும். கை தட்டணும். கூடப் பாடணும். மத்தவங்க மாதிரி ஒரே ஒரு நாள். அதுக்கப்புறம் எந்தக் கழுதை வந்து பாடினாலும் மாட்டிக்கறேன்."

"'பாலத்துக்கு அந்தப்பக்கம்' பாட்டைப் பாடிட்டா?"

"முப்பத்திரண்டு வருஷமா பாடலை. இன்னைக்குப் பாடப்போறாளாக்கும்."

"கடைசிக் கச்சேரி, ஆர்லீன். பாடிட்டான்னு வையி, மேடையில அதைப் பாடின பதிவு நம்மகிட்ட இருக்கற ஒண்ணுதான். அதுலயும்…" நிறுத்திக்கொண்டான்.

"அதுலயும் நான் பாடிக் கெடுத்துட்டேன். சொல்லேன், முழுசாச் சொல்லேன்."

"நான் அப்படிச் சொல்லலை."

"அட்டையில எழுதியிருக்கு. நீதான் எழுதினே."

கிளென் கண்ணாடியை எடுத்துத் தானே மாட்டிக்கொண்டு, குளியலறைக் கண்ணாடி முன் போய் நின்றான். தலை ஆடிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்து நிறுத்தப் பார்த்தான். கையும் சேர்ந்து ஆடியது. ஆர்லீனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பொறுக்காமல் போவதும் அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"கொடு இங்கே," என்றாள். "இதுதான் கடைசி. இதுக்கு மேல கேட்டேன்னா மைக்கை மிக்ஸியில போட்டு அரைச்சுடுவேன்."

ஒயரை முடிக்குள் விட்டு, முதுகுப் பக்கம் இறக்கி, பதிவுக் கருவியைக் கைப்பைக்குள் இருக்கும் கண்ணாடிக் கூட்டில் வைத்தாள். வாசலில் காவலுக்கு நின்ற பெண் காதுப் பக்கம் உற்றுப் பார்த்துவிட்டு, "காது கேக்கற மெஷினாம்மா?" என்று உரக்கக் கேட்டாள்.

"ஆமா கண்ணு. இவர் பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது போயிடுச்சு."

காவல்காரி சிரித்துவிட்டுக் கிளெனைத் தடவித் தடவிச் சோதித்தாள். அவனிடம் இருமல் மிட்டாய் தவிர ஒன்றுமில்லை. கிழவியை யாரும் சந்தேகப்படுவதில்லை என்பதுதான் கிளென் கண்டுபிடித்த கடைசித் தொழில் ரகசியம்.

பதினோராம் வரிசை, நடு. எப்போதும் போல மூன்று சீட்டு வாங்கியிருந்தான். ஆர்லீனுக்கு இடப்பக்கம் அவர்கள் இருவரின் கோட்டும் உட்கார்ந்தன. கோட்டு பேசாது, இருமாது. வலப்பக்கம் கிளென். நடுவில் அவள், முன்வரிசை வழுக்கைத் தலைக்கு மேலே மேடையின் மைய விளக்கில் கண்ணை நட்டு, கழுத்தைப் பூட்டிக்கொண்டாள். கிளென் அவள் முழங்காலில் ஒரு தட்டு தட்டினான். ஓடுகிறதா என்று அர்த்தம். அவள் கைப்பையை ஒரு தட்டு தட்டினாள், ஓடுகிறது. இரண்டு தட்டு என்றால் யாரோ அருகில் பேசுகிறார்கள், கண்டுகொள்ளாதே என்று அர்த்தம். மூன்று தட்டுக்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது.

நடீன் வந்தாள். எழுபது தாண்டிய உடம்பு, ஆனாலும் குரல் அப்படியே வந்து உட்கார்ந்தது. ஒரு பாட்டு, இரண்டு பாட்டு. அரங்கமே எழுந்து நிற்கிறது, உட்காருகிறது, அழுகிறது. ஆர்லீன் பொம்மை மாதிரி இருந்தாள். ஐந்தாம் பாட்டில் மூக்கு அரித்தது. எட்டாம் பாட்டில் வலது தோளில் நெருப்பு ஏறியது. தனக்குப் பிடித்த குரல் பத்து கஜ தூரத்தில் இருக்கிறது, தான் அதற்குக் குழாய் பிடித்துக்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. நாளைக்கு ஊரெல்லாம் கேட்கும், அவள்தான் கேட்கவில்லை.

பன்னிரண்டாம் பாட்டுக்கு முன்னால் நடீன் ஸ்டூலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தாள்.

"இந்தப் பாட்டை என் மொதல் புருஷனும் நானும் சேந்து எழுதினோம்," என்றாள். "அவன் உசிரோட இருக்கற வரைக்கும் மேடையில பாட மாட்டேன்னு, பிரிஞ்சப்ப சபதம் பண்ணினேன். மார்ச் மாசம் செத்துட்டான் பாவி. இப்ப என்னடான்னா, பாடினா எரிச்சல்படறதுக்கு யாருமே இல்லை."

எல்லோரும் சிரித்தார்கள். கிதாரின் முதல் நாலு சுரம் விழுந்ததும் சிரிப்பு நின்றது. 'பாலத்துக்கு அந்தப்பக்கம்'. ஆர்லீனின் தொண்டைக்குள் பாட்டு தானாக எழுந்து வந்தது. பல்லைக் கடித்தாள். கண்ணீர் மூக்கோரமாக இறங்கி உதட்டில் உப்புக் கரித்தது, துடைக்கவில்லை. துடைத்தால் சட்டம் உரசும்.

முதல் சரணம் முடிகிற இடத்தில், வலப்பக்கத்திலிருந்து யாரோ முனகுவது கேட்டது. கரகரத்த குரல், சுதியோடு ஒட்டவே இல்லை. எந்த மடையனோ, கிளென் பார்த்துக்கொள்வான் என்று நினைத்தாள். முழங்காலில் கிளெனின் கை தட்டியது. ஒன்று, இரண்டு. கண்டுகொள்ளாதே. ஆனால் கை நிற்கவில்லை. மூன்று, நான்கு. தட்டிக்கொண்டே இருந்தது, தாளத்துக்கு. முனகல் வார்த்தையாகி, வார்த்தை வாய்விட்ட பாட்டாயிற்று.

கிளென் பாடிக்கொண்டிருந்தான்.

திரும்பாதே என்று நான்கு வருஷப் பழக்கம் கழுத்தைப் பிடித்தது. இரண்டாம் சரணம் முழுக்கப் பிடித்தது. பாலம் வருகிற வரியில் அவன் குரல் உடைந்து, உடைந்தபடியே மேலே போயிற்று. ஆர்லீன் திரும்பினாள். நன்றாக, உடம்போடு திரும்பி அவனைப் பார்த்தாள். கண்ணை மூடியிருந்தான். தலை எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தது, கன்னம் நனைந்திருந்தது. தான் பாடுவதே அவனுக்குத் தெரியவில்லை. பாட்டு முடிகிற வரைக்கும் மேடையை அவள் பார்க்கவில்லை. முடிந்ததும் எழுந்து நின்று, உள்ளங்கை சிவக்கத் தட்டினாள்.

அவன் கண்ணைத் திறந்தபோது அவள் மறுபடி மைய விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வருகிற வழியில் பார்பர்ட்டன் கடையில் வறுத்த கோழியும் காரச் சோறும் வாங்கினார்கள். கிளென் சின்னப்பிள்ளை மாதிரி பேசிக்கொண்டே வந்தான்.

"கெடச்சுடுச்சு ஆர்லீன்! முப்பத்திரண்டு வருஷம்! வேற ஒருத்தனும் மைக்கோட உள்ள வரலை, நான் பாத்துட்டேன். சுத்தமா வந்திருக்கும். பக்கத்துல ஒரு பய மூச்சு விடலை!"

"ம்," என்றாள். ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த கை இன்னும் எரிந்தது. சொல்லிவிடலாம் என்று இரண்டு சிக்னலில் நினைத்தாள். அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்துப் பயமாக இருந்தது. அந்த மனிதனிடம் மிச்சம் இருந்தது இந்தப் பதிவு ஒன்றுதான், அதை அவள் கெடுத்துவிட்டாள். பாதி அவனே கெடுத்துக்கொண்டான் என்று எப்படிச் சொல்வது?

மறுநாள் காலை காப்பியோடு நிலவறையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு இயர்ஃபோன். பதினோரு பாட்டு பளிங்கு மாதிரி போயிற்று. பன்னிரண்டாவது ஆரம்பித்ததும் கிளென் முன்னால் சாய்ந்தான். முகம் இறுகியது. நிறுத்தினான்.

"யாரு இந்த மடையன்?"

ஆர்லீன் காப்பியைக் குடித்தாள்.

"எருமை கத்தற மாதிரி இருக்கு! உனக்கு வலப்பக்கம் யாரு உக்காந்திருந்தா?"

"நீதான்."

"நான் எங்கே இருந்தேன்னு எனக்குத் தெரியும். எனக்கும் அந்தப்பக்கம் யாருன்னு கேக்கறேன்."

"உனக்கு அந்தப்பக்கம் ஒரு பாட்டி தூங்கிட்டிருந்தா. பாடினது நீ."

ஊரில் இருக்கிற குடிகாரன் குரல், இருமுகிறவன் குரல் எல்லாம் அடையாளம் சொல்லுவான் கிளென். மைக் பக்கத்தில் வாயே திறக்காத மனிதனுக்குத் தன் குரல் மட்டும் தெரியாது. மறுபடி போட்டான். மறுபடி. மூன்றாம் தடவை அவன் காது சிவந்தது.

"இப்படியா பாடறேன் நான்?"

"குளிக்கறப்ப இன்னும் மோசம்."

மேலே ஓடவிட்டான். பாலம் வருகிற வரி. நடீன் ஆஷ்பி திடீரென்று இடப்பக்கம் நகர்ந்தாள், கிதாரும் டிரம்மும் அவள் பின்னாலேயே போயின. மேடை மொத்தமும் ஒரு மூலைக்கு ஒதுங்கிற்று. நட்டநடுவில், இரண்டு காதுக்கும் சமமாக, அறுபத்திமூன்று வயது கிளென் ஹுதாக் நின்று சுதியில்லாமல் பாடினான். கடைசி வரைக்கும் நடுவிலேயே நின்றான். பிறகு தகரக் கூரையில் கல் விழுந்தது.

கிளென் இயர்ஃபோனைக் கழற்றவில்லை. பதிவு ஓடி அடுத்த பாட்டும் பாதிக்கு வந்துவிட்டது.

"திரும்பிட்டே," என்றான்.

"திரும்பிட்டேன்."

"கை தட்டினே."

"தட்டினேன். நடீனுக்குன்னு நெனச்சுக்காதே." இயர்ஃபோனைக் கழற்றி வைத்தாள். "ரெண்டரை மணி நேரம் உன் மைக் ஸ்டாண்டா உக்காந்திருந்தேன் கிளென். நாலு வருஷமா உக்காந்திருக்கேன். என்னால முடியலை. நீ பாடறே, நான் உன்னைப் பாக்கக் கூடாதுன்னா, பின்ன எதுக்கு உன் பக்கத்துல உக்காரணும்?"

எழுந்து கோப்பைகளை எடுத்தாள்.

"உக்காரு. அடிக்கணும்," என்றான். "நேத்து சாயங்காலத்துலேருந்து கேட்டு எழுதிட்டிருக்கானுங்க, பாடினாளா பாடினாளான்னு."

"இதையா அனுப்பப்போறே?"

"தேதி போடு."

தேதி போட்டாள். அரங்கம், வரிசை, மைக், எல்லாம் அவன் சொல்லச் சொல்ல விரல் தானாகப் போயிற்று. 'பதிவு' என்ற இடத்தில் அவன் சொல்வதற்கு முன்பே 'ஜி' விழுந்துவிட்டது.

"அதை அழி. ஆர்லீன் ஹுதாக்னு போடு. முழுப் பேரா."

அழித்துவிட்டு அடித்தாள். தன் பெயரில் எழுத்துப்பிழை விட்டுத் திருத்தினாள். பாட்டுப் பட்டியல் முடிந்தது. கடைசி வரி வந்தது. நீளமாக வரும் என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"குறைகள்?"

"இல்லைன்னு போடு."

"கிளென், ஊரே சிரிக்கும். நடுவுல ஒருத்தன் கத்தறான், மேடை ஒரு பக்கமா ஓடுது, கடைசியில காது கிழியுது. குறை இல்லைங்கறே?"

"இல்லைங்கறேன். அடி."

அடித்தாள். அவன் எழுந்து, அலமாரி ஓரமாகப் பிடித்துப் பிடித்து நடந்து, பழைய பெட்டி ஒன்றைத் துழாவினான். மஞ்சளடித்துப்போன ஓர் அட்டையைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். கிளீவ்லண்ட், 1977.

"கடைசி வரியை அடிச்சுடலாம்," என்றான்.

"பேனாவைக் கொடு, நான் அடிக்கறேன். உன் கை ஆடும்."

"நான் எழுதினது. நான்தான் அடிக்கணும்."

இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு கோடு போட்டான். கோடு கோணல்மாணலாகப் போய், மேலே இருந்த கடைசிப் பாட்டின் பெயரையும் சேர்த்து அடித்தது. முப்பத்திரண்டு வருஷம் லேட்டு என்று சொல்ல ஆர்லீனுக்கு நாக்கு வரைக்கும் வந்தது. அழுகை முந்திக்கொண்டது. அடித்த கோட்டுக்குக் கீழே, 'வலப்பக்கத்துப் பெண்' என்பது இன்னும் நன்றாகவே தெரிந்தது. மை காய்கிற வரைக்கும் இருவரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.